கதவைத் தட்டும் முன்

அறிவிப்புகள் வாசித்து முடிந்ததும் போதகர் ஒரு பெயரைச் சொல்லி முன்னால் அழைப்பார். பட்டப்படிப்பை அப்போதுதான் முடித்த ஒரு பையனோ பெண்ணோ பெஞ்சுகளுக்கு நடுவே தயங்கித் தயங்கி நடந்துபோய்ப் பீடத்துக்கு முன் முழங்காலில் நிற்பார். மூப்பர்கள் தலையில் கைவைப்பார்கள். "நம்ம பிள்ளை ஒரு வருஷம் பட்டணத்து ஊழியத்துக்குப் போகுது, ஜெபத்துல மறந்துடாதீங்க" என்று போதகர் தமிழில் சொல்வார். பிறகு அதையே தெலுங்கில் சொல்வார். சித்தூர், புத்தூர், நகரிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பெண்கள் பக்கத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆண்கள் பக்கத்தில் அப்பா நேரே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்த சேதி அவர் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த அப்பாவின் கவலையை அற்பம் என்று தள்ளிவிட மனசு வரவில்லை. கல்விக் கடன் இருக்கிறது. அடுத்துப் படிக்கிற தம்பியோ தங்கையோ இருக்கிறார்கள். "விசுவாசம் இல்லாதவர்" என்று அவரை யாராவது சொன்னால் அது அநியாயம். சபையில் யாரும் கேட்காத ஒரு கேள்வியை அவர்தான் வீட்டில் கேட்பார்: "சரிம்மா, போறே. அங்க போய் என்ன செய்வே? உனக்கு என்ன வேலை தெரியும்?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. அதைப் பெண்ணுக்கு மட்டுமல்லாமல் அனுப்புகிற சபைக்கும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

"ஒன்றும் தெரியாது" என்று பதில் சொல்ல நேர்ந்த ஓர் இளம்பெண்ணின் கதை, சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் வேலூரில் எல்லோருக்கும் தெரியும். அவர் ஐடா ஸ்கடர். 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நடந்துகொண்டிருந்த வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு 1819ல் கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கியவர். அவருடைய மகன்கள் 1853ல் ஆற்காடு மிஷனை ஏற்படுத்தினார்கள். அதன் ஆரம்பகால நிலையங்களில் சித்தூரும் ஒன்று. அன்றைய சித்தூர், வட ஆற்காடு ஜில்லாவின் தலைமையிடம். தனி ஜில்லாவானது 1911ல்தான்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண், ஊழியமே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தார். சிறுமியாக இருந்தபோது 1877ஆம் வருஷத்துத் தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்தவர் அவர். பட்டினியில் சுருண்டு கிடந்த குழந்தைகளைப் பார்த்த கண்கள். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அங்கேயே இருந்துவிட ஆசைப்பட்டார். 1890ல் திண்டிவனத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகவே, கொஞ்ச காலம் கூடவிருந்து கவனித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வந்தார். வயது இருபதை எட்டவில்லை.

அங்கே ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்த இளம் மனைவிக்காக வந்து நின்றார் ஒரு பிராமணர். "அப்பா டாக்டர், அவரை அனுப்புகிறேன்" என்றார் ஐடா. ஆண் வைத்தியர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக் கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார் அவர். தனக்கு மருத்துவம் தெரியாது என்று சொல்வதைத் தவிர ஐடாவுக்கு வேறு வழியில்லை. அவர் திரும்பிப் போனார். அன்றிரவே இரண்டாம் முறை தட்டியவர் ஒரு முஸ்லிம். மூன்றாவதாக வந்தவரும் உயர்சாதி இந்து. மூவருக்கும் ஒரே வேண்டுகோள், மூவருக்கும் ஒரே பதில். பொழுது விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

இந்தக் கதையை நம் சபைகளில் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் சொல்கிறோம். சொல்லும்போதெல்லாம் அதை 'அழைப்பு'க் கதையாகவே சொல்கிறோம்: தேவன் மூன்று முறை கூப்பிட்டார், ஐடா கேட்டார், கீழ்ப்படிந்தார். அது உண்மைதான். ஆனால் அந்த இரவை மறுபடி பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு இரக்கம் இருந்தது, ஜெபம் இருந்தது, குடும்பப் பெயர் இருந்தது, குழந்தையிலிருந்து கேட்ட தமிழும் இருந்தது. கையில் தொழில் இல்லை. அந்த ஒன்று இல்லாததால் மற்ற எல்லாம் வாசற்படியோடு நின்றுவிட்டன.

அதற்குப் பிறகு ஐடா செய்தது என்ன என்பதைப் பிரசங்கங்கள் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகின்றன. மறுநாள் காலையில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஊழியத்துக்குக் கிளம்பவில்லை. அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்தார். 1899ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்கள் அங்கே பட்டம் வாங்கிய முதல் தொகுதி அது. 1900ல்தான் வேலூருக்கு வந்து, மிஷன் பங்களாவில் ஒரு சின்ன அறையில், ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அம்மாவைப் பார்க்க வந்த 1890லிருந்து எண்ணினால் பத்து வருஷம். 1902ல் ஷெல் மருத்துவமனை, 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று அந்த ஒற்றைக் கட்டில் எங்கெல்லாம் போனது என்பது இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன் ஒரு கிளை இன்று சித்தூர் மாவட்டத்துக்குள்ளேயே, குடிபாலா பக்கம் வந்துவிட்டது.

ஒரு வருஷ ஊழியத்துக்குப் போகிற பிள்ளையைப் பத்து வருஷம் படிக்கச் சொல்ல முடியாது. நான் அதைக் கேட்கவும் இல்லை. கிளம்புவதற்கு முன் மூன்று மாதமாவது கையைப் பழக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கையைப் பழக்குவது என்றதும் புத்தூர்க்காரர்களுக்கு ஒன்று ஞாபகம் வரும். எலும்பு முறிந்தவர்களை ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் வண்டிகள் புத்தூருக்கு வருகின்றன. 'புத்தூர்க் கட்டு' என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். வலியோடு வருகிற மனிதன் கட்டுப் போடுகிறவரின் சாதியையோ சமயத்தையோ விசாரிப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறான். அந்தக் கை தாத்தா கை பார்த்து அப்பா கை பழகி வந்த கை. எக்ஸ்ரே எடுக்க வேண்டிய முறிவை எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம், அது வேறு பேச்சு. நான் சொல்ல வருவது, பழகிய கைக்கு ஜனங்கள் தருகிற மரியாதை. நகரத்து ஏழை ஒரு வாலிபரை உள்ளே விடுவதும் அந்தக் கணக்கில்தான்.

இதே பாடத்தைக் கல்கத்தாவில் இன்னொருவர் படித்தார். அந்தக் கதையில் நம் தலைப்புக்கு நேராக வந்து பொருந்துகிற ஒரு விவரம் இருக்கிறது. அன்னை தெரசா லொரேட்டோ மடத்தை விட்டு வெளியே வர ரோமாபுரியிலிருந்து 1948ல் கிடைத்த அனுமதி, ஒரு வருஷத்துக்குத்தான். ஆமாம், அவருடையதும் காகிதத்தில் ஒரு வருஷப் பட்டணத்து ஊழியம்தான். வருஷம் முடிந்ததும் தொடரலாமா, திரும்ப மடத்துக்கே வர வேண்டுமா என்பது பேராயர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. அப்போது அவருக்கு வயது 37. பதினேழு வருஷத்துக்கும் மேலாகக் கல்கத்தாவில் ஆசிரியை, பள்ளித் தலைமை ஆசிரியையாகவும் இருந்தவர். வங்காளி பேசுவார். மடத்துச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தால் மோத்தீஜீல் சேரி. இத்தனைக்குப் பிறகு நாமாக இருந்தால் அன்றைக்கே சேரிக்குள் இறங்கியிருப்போம்.

அவர் ஆகஸ்ட் மாதம் மடத்திலிருந்து வெளியே வந்ததும் ரயிலேறி பாட்னாவுக்குப் போனார். அங்கே மருத்துவப் பணிச் சகோதரிகள் நடத்திய திருக்குடும்ப மருத்துவமனையில் தங்கி, ஊசி போடவும் புண்ணுக்குக் கட்டுப்போடவும் பிரசவம் பார்க்கையில் கூட நிற்கவும் படுக்கை விரிக்கவும் கற்றார். கையில் இருந்த ஒரே வருஷத்தில் முதல் சில மாதங்களை இதற்காகக் கொடுத்தார். அங்கே அவருக்கு விழுந்த ஒரு கண்டிப்பும் பேர்போனது. தன்னோடு சேரப்போகும் சகோதரிகள் ஏழைகளைப் போலவே சோறும் உப்பும் மட்டும் சாப்பிட்டு வாழ்வார்கள் என்று தெரசா நினைத்திருந்தார். மருத்துவச் சகோதரிகள் மறுத்தார்கள். அப்படிச் சாப்பிட்டுவிட்டுச் சேரியில் வேலை செய்தால் காசநோய் வந்து செத்துப்போவார்கள், பிறகு ஏழைகளை யார் பார்ப்பது என்று கேட்டார்கள். தெரசா ஒத்துக்கொண்டார். டிசம்பரில் கல்கத்தா திரும்பி, 21ஆம் தேதி மோத்தீஜீலுக்குள் நுழைந்தார். கரும்பலகை இல்லை. ஒரு குச்சியை எடுத்துத் தரையில் வங்காளி எழுத்துகளைக் கீறிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். இரண்டு வருஷம் கழித்து, 1950 அக்டோபர் 7 அன்று, அவர் தொடங்கிய துறவறச் சபைக்கு அங்கீகாரம் கிடைத்தது.

ஊழியத்துக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவேளை சாப்பாடும் நாலு மணி நேரத் தூக்கமுமாகத் தங்களை வதைத்துக்கொள்கிற வாலிபர்கள் பாட்னாவின் அந்தக் கண்டிப்பைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். திருப்பதியைப் 'பட்டணம்' என்று நினைக்கவே பலருக்குத் தோன்றாது. தமிழ் நிலத்துக்கு வட எல்லையாகப் பழைய நூல்கள் சொல்லும் வேங்கடம் என்று தோன்றும், மலை தோன்றும், கோபுரம், லட்டு, மொட்டைத் தலைகள் தோன்றும். அலிபிரியிலிருந்து 3550 படி. நாள்தோறும் அறுபதாயிரம் எழுபதாயிரம் பேர் தரிசனத்துக்கு வந்துபோகிற இந்த ஊருக்கு அடியில், வராமலும் போகாமலும் இங்கேயே இருக்கிற இன்னொரு ஊர் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 2,87,000 பேர். லாட்ஜுகளில் படுக்கை விரிக்கிறவர்கள், ஓட்டல்களில் தட்டுக் கழுவுகிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், பாத்திரபண்டத்தோடு வேலை தேடி வந்து ஜீவகோனா போன்ற மலையடிவாரக் குடியிருப்புகளில் ஒண்டிக்கொண்டவர்கள். ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் இரவில் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் தவறிய பிள்ளை, வீட்டில் சண்டை போட்டு ரயிலேறிவிட்ட சிறுவன், திரும்பிப் போக வழியோ மனமோ இல்லாத முதியவர் என்று யாராவது தட்டுப்படாமல் இருக்க மாட்டார்கள்.

இங்கே ஊழியம் செய்ய நினைக்கிற கிறிஸ்தவப் பிள்ளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இரக்கத்தை இந்த ஊருக்குக் கொண்டுவரும் முதல் ஆள் தான் இல்லை என்பது. தேவஸ்தானம் நாள் தவறாமல் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போடுகிறது. அது நடத்தும் எலும்பு மருத்துவமனையில் போலியோவால் கால் சூம்பிய எத்தனையோ பேர் காசில்லாமல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு நடந்து போயிருக்கிறார்கள். ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது. கிறிஸ்தவர்களும் இங்கே நேற்று வந்தவர்கள் அல்லர். ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனைச் சேர்ந்த லுத்தரன்கள் 1865லிருந்து இந்தத் தெலுங்குப் பக்கத்தில் உழைத்தவர்கள். அவர்கள் வழிவந்த தென் ஆந்திர லுத்தரன் சபையின் தலைமையிடம் திருப்பதிதான்.

இரண்டாவது விஷயத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வழிபாட்டுத் தலங்களில் பிற சமயப் பிரசாரத்தைத் தடைசெய்து 2007ல் ஆந்திர அரசு சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முக்கியக் காரணமே திருமலை. இதை வைத்து நம் கூட்டங்களில் முணுமுணுப்பு எழுவதுண்டு. எனக்கு அந்த முணுமுணுப்பில் பங்கில்லை. அடுத்தவர் கும்பிடப் போகிற வழியில் நின்று துண்டுப் பிரசுரம் நீட்டுவதைச் சட்டம் தடுக்காவிட்டாலும் மரியாதை தடுக்க வேண்டும். அதைவிடக் கேவலம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரிடமும் சோற்றுப் பொட்டலத்தோடு சேர்த்தும் அதைக் கொடுப்பது. பசித்தவனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒருவனிடம் சொல்லப்படும் எதுவும் நற்செய்தி ஆகாது. நீ ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அவராகவே ஒருநாள் உன்னைக் கேட்டால், அன்றைக்கு உன் விசுவாசத்தைச் சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு. அதுவரை கை பேசட்டும்.

கைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். அது நம் மண்ணிலேயே விளைந்த கதை.

பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் என்று ஓரிடம். பல மிஷன்கள் ஒன்றுகூடி 1915ல் அங்கே காசநோய்க்கு ஒரு சானடோரியம் திறந்தன. டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலர் அதன் முதல் கண்காணிப்பாளர். பின்னால் அந்தப் பொறுப்புக்கு வந்த டாக்டர் பி. வி. பெஞ்சமின், சுதந்திர இந்தியாவின் காசநோய் ஆலோசகரானார். இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி முதன்முதலில் போடத் தொடங்கியது 1948ல், அந்த மதனப்பள்ளியில்தான். மருந்து இல்லாத காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. அதற்காகத்தான் ஊருக்கு வெளியே, உயரமான உலர்ந்த இடத்தில் கட்டினார்கள். கட்டில் கிடைத்தவர் கொடுத்துவைத்தவர். பட்டணத்துக் குடிசையில் இருமிக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களுக்குக் கட்டில் கிடையாது.

1956ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சிதான். அங்கே ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். 193 நோயாளிகள், எல்லோரும் ஏழைகள், நெருக்கடியான வீடுகளில் இருப்பவர்கள். பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மீதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை. சிகிச்சைக் காலம் ஒரு வருஷம். நல்ல சாப்பாடும் காற்றும் கட்டிலும் கிடைத்தவர்களுக்கு எவ்வளவு குணமானதோ, கிட்டத்தட்ட அதே அளவு குடிசைக்குள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குணமானது. வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959ல் முடிவுகள் வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. சானடோரியக் காலம் அத்தோடு முடிவுக்கு வந்தது. காசநோய் வைத்தியம் மலையை விட்டு இறங்கிப் பட்டணத்துச் சந்துக்குள் வந்தது.

வந்தது சரி, ஆனால் மாத்திரை தானாக வாய்க்குள் போகாதே! அந்த ஆராய்ச்சி பலித்ததற்கு ஒரு காரணம், நோயாளியின் வீடு தேடிப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்த மனிதர்கள். இன்றைக்கும் நிலைமை அதுதான். மருந்து இலவசம், பரிசோதனை இலவசம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் அரசு வங்கிக் கணக்கில் போடுகிறது. வழக்கமான சிகிச்சை இப்போது ஆறு மாதத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் இரண்டாம் மாதம் இருமல் நின்று உடம்பு தேறியதும் "இனி எதுக்கு?" என்று நிறுத்திவிடுவார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துவார்கள். அது மருந்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். வேலைக்குப் போகிற அவசரத்தில் விட்டுவிடுவார்கள். குடிக்கிறவர் மறந்துவிடுவார். மருமகளுக்கு இந்த நோய் என்று தெரிந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து அந்தப் பெண் மாத்திரையை ஒளித்துவைப்பாள். பாதியில் விட்ட மருந்துக்கு அடுத்த முறை நோய் அடங்காமல் போகலாம்.

ஒரு வருஷத்துக்குப் பட்டணம் போகிற நம் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஒன்று இருக்கிறதா? ஆறு மாதச் சிகிச்சையின் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை பத்துக் குடும்பங்களோடு கூடவே நடக்க ஒரு வருஷம் தாராளமாகப் போதும். அதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டாம். மாத்திரை அட்டையைப் படிக்கத் தெரிய வேண்டும். எந்த அறிகுறிக்குப் பயப்பட வேண்டாம், எதற்கு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும் என்று தெரிய வேண்டும். வங்கிக் கணக்கில் பணம் வரவில்லை என்றால் எந்த ஆபீஸில் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டும். ஒரு வீட்டின் ரகசியத்தை அடுத்த வீட்டில் சொல்லாத வாய் வேண்டும். ஜெபக்குறிப்பு என்ற பெயரில்கூடச் சொல்லக் கூடாது. இந்தக் கடைசிப் பயிற்சி நம்மில் பலருக்குக் கஷ்டம்.

இதையெல்லாம் எங்கே கற்பது? அனுப்புவதற்கு முந்தின வாரம் நடத்துகிற மூன்று நாள் முகாமில் கற்க முடியாது. ஐடாவின் ஒற்றைக் கட்டிலிலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) சபைகளின் சிபாரிசோடு சேர்கிற மாணவர்கள் படித்து முடித்ததும் இரண்டு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்ய வேண்டும் என்று நெடுங்காலமாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. அங்கே வரிசை சரியாக இருப்பதைக் கவனியுங்கள், முதலில் கை பழகுகிறது, பிறகுதான் அனுப்புகிறார்கள். வேலூர் நகரத்து ஏழைகளுக்காக 1982ல் சி.எம்.சி. தொடங்கிய குறைந்த செலவு மருத்துவப் பிரிவு இன்னொரு பாடம். பெரிய ஆஸ்பத்திரியே அதே ஊரில் இருக்கும்போது தனியாக எதற்கு என்று தோன்றும். பெரிய ஆஸ்பத்திரியின் வாசலைப் பார்த்தே மிரண்டு திரும்பிவிடுகிற கூலிக்காரர் ஒவ்வொரு நகரத்திலும் உண்டு. அவருக்காக வாசலைச் சிறிதாக்கி, செலவைக் குறைத்து, தெருவுக்குள் இறங்கிப் போக வேண்டியிருந்தது. பட்டணத்து ஊழியம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்த இடத்தைக் காட்டுவேன்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்துப் பிள்ளைகள் தங்களிடம் இருக்கிற சொத்தை அறியாதவர்கள். சித்தூரிலும் நகரியிலும் குப்பத்திலும் வளர்கிற பிள்ளைக்குத் தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் வரும். சென்னைக்குப் போய் வீதி பெருக்குகிறவர்களோடும் சாக்கடை அள்ளுகிறவர்களோடும் நின்று பேசிப் பாருங்கள். எத்தனையோ பேர் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். தலைமுறைகளுக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்தும் நெல்லூர்ப் பக்கத்திலிருந்தும் போனவர்களின் வாரிசுகள். பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் தமிழில் ஒரு முகம் காட்டி, கவலையை மட்டும் தெலுங்கில் பேசிக்கொள்கிற அந்த வீடுகளுக்குள் நம் பிள்ளை நுழைந்து "பாக உன்னாரா அத்தா?" (நல்லா இருக்கீங்களா அத்தை?) என்று கேட்டால், அந்த ஒரு கேள்விக்குப் பாதிக் கதவு திறந்துவிடும். மீதிப் பாதி பழகப் பழகத் திறக்கும்.

சென்னையின் ஏழைகளில் பலர் இப்போது ஊரின் நடுவில் இல்லை என்பதையும் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்றங்கரைகளிலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களைக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடிகளில் குடிவைத்திருக்கிறார்கள். வீட்டு வேலைக்கும் மீன் வியாபாரத்துக்கும் பழைய இடத்துக்கே போய்வர வேண்டும். மணிக்கணக்கில் பஸ். கான்கிரீட் வீடு கிடைத்தும் பிழைப்பு தூரமாகிப்போன ஜனங்கள் அவர்கள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனால் கர்ப்பிணியும் கிழவியும் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பார்க்கிற மனசு, கிட்டார் வாசிப்பதைவிட அங்கே முக்கியம். கிட்டார் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுங்கள். அதே பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லிக்கொடுங்கள். ஆறாம் வகுப்பில் பின்னத்தைக் கோட்டைவிட்ட பிள்ளைதான் ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விடுகிறது. சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டையில் முகவரி மாற்றம், விதவைப் பென்ஷன் மனு என்று எழுதிக் கொடுக்கத் தெரிந்த ஒரு கை, அந்தக் கட்டடத்தில் ஒரு நாள் கூடச் சும்மா இருக்காது.

இன்னொரு விஷயம் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு வருஷம் என்பது போகிறவருக்குப் பெரிய அனுபவம். "என் வாழ்க்கையையே மாற்றிய வருஷம்" என்று திரும்பி வந்து சபையில் சாட்சி சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்தச் சந்தில் இருப்பவர்களுக்கு அந்த வருஷம் என்னவாக இருந்தது? ஜூலையில் ஒரு அக்கா வந்தாள், ஏபிசிடி சொல்லிக்கொடுத்தாள், பிள்ளைகள் ஒட்டிக்கொண்டன. அடுத்த ஜூனில் அழுதுகொண்டே போனாள். ஜூலையில் இன்னொரு அண்ணன் வந்தான், மறுபடி ஏபிசிடியிலிருந்து ஆரம்பித்தான். பிள்ளைகளுக்கு எத்தனை முறை விடைகொடுக்க முடியும்? கற்றுக்கொள்ளப் போகிறவரின் கல்விச் செலவை ஏழைகளே கட்டுகிற ஏற்பாடு இது. ஆகவே அனுப்புகிற சபை ஒரு ஆளை அனுப்பாமல் ஒரு தெருவை எடுத்துக்கொள்ள வேண்டும். வருஷா வருஷம் ஆள் மாறலாம், தெரு மாறக் கூடாது. போகிறவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் நிற்கிறது, எந்தத் தாத்தாவின் பென்ஷன் மனு எந்த மேஜையில் இருக்கிறது, எந்த வீட்டில் எத்தனையாவது மாத மாத்திரை நடக்கிறது என்று அதில் எழுத வேண்டும். கடைசி மாதத்தில் அடுத்து வருகிறவரைக் கூட்டிக்கொண்டு அந்த வீடுகளுக்கெல்லாம் போய் அறிமுகப்படுத்த வேண்டும்.

பிள்ளைகளோடு எடுத்த போட்டோக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீட்டுக் குழந்தை மூக்கொழுகிக்கொண்டு கிழிந்த சட்டையில் நிற்பதை யாரோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டினால் நாம் சும்மா இருப்போமா? அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். காணிக்கை சேர்க்க அந்தப் படம் உதவும் என்பது நியாயமாகாது.

அப்பாவின் கேள்விக்குத் திரும்புகிறேன். "உனக்கு என்ன வேலை தெரியும்?" அந்தக் கேள்வி கேட்கப்பட்ட வீடுகளில் பிள்ளைகள் பெரும்பாலும் அழுவார்கள், அல்லது கோபித்துக்கொள்வார்கள். தயவுசெய்து இரண்டும் வேண்டாம். அப்பா கேட்டதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பிரிவு இருக்கிறது. நாளைக் காலை அங்கே போய், மருந்தை நிறுத்திவிட்ட நோயாளிகளின் வீடுகளுக்குக் கூடவே வந்து உதவ மூன்று மாதம் தயார், சம்பளம் வேண்டாம், கற்றுக்கொடுங்கள் என்று கேளுங்கள். பக்கத்து அங்கன்வாடியில், ஆதார் மையத்தில், தாசில்தார் ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் கேளுங்கள். மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தலையில் கைவைப்பதற்கு முன், அந்தப் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்து, இவை என்ன கற்றிருக்கின்றன என்று கேட்டுவிட்டு, அனுப்புதல் ஆராதனைக்குத் தேதி குறியுங்கள். மூன்று மாதம் தள்ளிப் போனால் பரவாயில்லை.